பரணில் கிடந்த செலரானும் பூட்டிக் கிடந்த அறையும்

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தோம். 2001-ல் ராஜபாளையத்தில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் இறங்கியது. வெள்ளைப் பெட்டி மஞ்சளாகி இருந்தது. பழைய இரும்புக்காரர் வாசலில் நின்று கிலோக் கணக்குச் சொன்னார். அதை வாங்க நான் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டேன். அந்தக் கடனை அடைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அவர் அதைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் தகரம்" என்றார்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் தங்கை பேரன், "தாத்தா, கொடுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்துடலாம்" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தான். விசிறியில் பஞ்சு மில் மாதிரி தூசி. அதைக் கழற்றியதும், காய்ந்துபோன வெள்ளைப் பசைக்கு அடியில் பிராசசர் இருந்தது. பிஸ்கட் அளவு சதுரம். அடியில் ஊசி ஊசியாகக் கால்கள். வாத்தியார் புத்தி போகுமா? எண்ணச் சொன்னேன். 370. இன்டெல் செலரான், 700 மெகாஹெர்ட்ஸ். அந்தச் சதுரத்தின் நடுவில் நகத்தளவு சில்லு. அதற்குள் சுமார் 2 கோடியே 80 லட்சம் டிரான்சிஸ்டர்கள்.

"தகரம்" என்றாரே, அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. ஒருவர், "இந்தியா சொந்தச் சிப் செய்துவிட்டது, இனி இன்டெல் காலி" என்று ஃபார்வர்டு போட்டார். இன்னொருவர், "நம்மால் ஒரு குண்டூசி கூட உருப்படியாகச் செய்ய முடியாது" என்று பதில் போட்டார். இரண்டு பேருமே என்னிடம் படித்தவர்கள். இரண்டு பேருக்குமே மார்க் கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கடைசியில் என் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. அதையும் தீர்த்துவிடுகிறேன்.

(தமிழில் பிராசசரைச் 'செயலி' என்று எழுதிவந்தோம். இப்போது செயலி என்றால் எல்லாரும் மொபைல் ஆப் என்று நினைக்கிறீர்கள். குழப்பம் வேண்டாம், பிராசசர் என்றே எழுதுகிறேன்.)

தறியிலிருந்து தொடங்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கைத்தறிச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு ஜக்கார்டு அட்டை தெரியும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், பாவு நூல் தூக்கும். ஓட்டை இல்லை என்றால் அந்த நூல் கீழேயே கிடக்கும். மாங்காய்க்கரையோ மயில் கண்ணோ, எல்லாமே 'ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை' என்ற இரண்டே சொல்லில் எழுதிய கதைதான். பிரான்ஸில் ஜக்கார்டு இதைச் செய்தது 1804-ல். கம்ப்யூட்டரும் இந்த இரண்டு சொல்லை மட்டுமே படிக்கும். ஒன்று, பூஜ்யம். ஓட்டைக்குப் பதில் மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்பது. அந்த மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சின்ன மதகுதான் டிரான்சிஸ்டர். கண்மாய் மதகு தண்ணீரை விடுவதும் அடைப்பதும் போலத்தான். பிராசசர் என்பது கோடிக்கணக்கான மதகுகளை ஒரு நகத்தில் கட்டி வைத்த ஊர்.

முதல் ஊர் சின்னதுதான். 1971 நவம்பரில் வந்த இன்டெல் 4004. பிசிகாம் என்ற ஜப்பான் கம்பெனிக்குக் கால்குலேட்டர் செய்யத் தொடங்கிய வேலை அது. டெட் ஹாஃப், ஸ்டான்லி மேசர், இத்தாலியிலிருந்து வந்த ஃபெடரிகோ ஃபாஜின், ஜப்பான்காரர் மசதோஷி ஷிமா ஆகிய நால்வரின் உழைப்பு. கால்குலேட்டருக்கு ஒன்று, வேறு வேலைக்கு வேறொன்று என்று தனித்தனிச் சில்லு செய்வானேன்? எந்தக் கட்டளை கொடுத்தாலும் கேட்கிற ஒரே சில்லு போதுமே என்பதுதான் அவர்களுக்குத் தோன்றிய யோசனை. அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள். ஒரே நேரத்தில் 4 பிட், அதாவது 0 முதல் 15 வரை எண்ணும். 8 பிட் என்றால் 255 வரை. 16 பிட் என்றால் 65,535 வரை. 32 பிட் என்றால் 429 கோடியைத் தாண்டும். இரட்டிப்பின் சக்தி இது. 2,300-ஐ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போங்கள். 30 வருடத்தில் 15 இரட்டிப்பு. சுமார் 7.5 கோடி வரும். 2000-ன் இறுதியில் வந்த பென்டியம் 4-ல் இருந்தவை 4.2 கோடி. இன்டெலைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-லேயே இந்த இரட்டிப்பைச் சொன்னார். முதலில் வருடம் ஒருமுறை என்றார், 1975-ல் இரண்டு வருடம் என்று திருத்திக்கொண்டார். தவறைத் திருத்திக்கொள்வதில் தவறே இல்லை, பாருங்கள்.

1978-ல் 8086 வந்தது. 29,000 டிரான்சிஸ்டர், 16 பிட். அடுத்த வருடம் அதன் தம்பி 8088. உள்ளே 16 பிட்டாக யோசிக்கும், வெளியே 8 பிட்டாகப் பேசும். சுற்றியுள்ள பாகங்களை மலிவாகப் போடலாம். ஐபிஎம் இந்தத் தம்பியைத்தான் தேர்ந்தெடுத்தது. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி வெளிவந்தது. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ்.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, ஐபிஎம் அவசரத்தில் கடைச் சரக்கை வாங்கிக் கோத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று புத்தகமும் போட்டது. பயாஸ் என்ற சின்ன நிரல் மட்டும்தான் அவர்கள் சொத்து. காம்பேக் என்ற புதிய கம்பெனி அதே வேலையைச் செய்கிற பயாஸைச் சட்டத்துக்கு உட்பட்டுத் தானே எழுதிக்கொண்டது. அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. தைவானில் போர்டு, வேறெங்கோ பெட்டி என்று உலகமே பிசி செய்தது. ராஜபாளையத்தில் ஒரு கடைக்காரர் என் கண்முன்னே ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுத்தாரே, அந்த வழி 1981-ல் திறந்ததுதான். இரண்டாவது, பிராசசரை ஒரே கம்பெனியிடம் வாங்க ஐபிஎம் சம்மதிக்கவில்லை. இன்னொருவரும் செய்து தர வேண்டும் என்றது. அப்படி உரிமம் பெற்றதுதான் ஏஎம்டி. பின்னால் பெரிய சண்டையெல்லாம் வந்தது. ஆனால் 2003-ல் இந்தக் குடும்பத்தை 64 பிட்டுக்குக் கொண்டுபோனது ஏஎம்டிதான். அடுத்த வருடம் இன்டெல் அதைப் பின்பற்றியது. நகல் எழுதியவன் வாத்தியாருக்குப் பாடம் சொன்ன கதை.

அதன்பிறகு வரிசையாக வந்தன. 1982-ல் 286, டிரான்சிஸ்டர் 1,34,000. 1985-ல் 386, 32 பிட், 2,75,000. 1989-ல் 486, 12 லட்சம். 1993-ல் பென்டியம், 31 லட்சம். இந்தக் குடும்பம் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் வேகம் அல்ல. 8086-க்கு எழுதிய நிரல் 286-லும் ஓடியது, 486-லும் ஓடியது. புது வகுப்புக்குப் போனாலும் பழைய பாடத்தை மறக்காத மாணவன். அதனால் ஆபீஸ்காரர்கள் பழைய மென்பொருளைத் தூக்கிப் போடாமலே புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.

பென்டியத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர் வினோத் தாம். 'பென்டியத்தின் தந்தை' என்றே அவரைச் சொல்வார்கள். புனேயில் பிறந்து டெல்லி காலேஜ் ஆஃப் இன்ஜினியரிங்கில் படித்து, 1975-ல் அமெரிக்கா போனவர்.

பென்டியம் பற்றி நான் வகுப்பில் அடிக்கடி சொன்ன கதை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் தன் வகுத்தல் விடை தப்பாக வருவதைக் கவனித்தார். தன் நிரலைச் சோதித்தார், வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். கடைசியில் தப்பு பிராசசரில் என்று தெரிந்தது. 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பென்டியம் 1.33374 என்றது. காரணம் என்ன? சில்லுக்குள் வகுத்தலுக்கென்று ஒரு வாய்பாடு பதித்திருந்தார்கள். அதில் ஆயிரத்துச் சொச்சம் இடங்களில் ஐந்து இடம் விட்டுப்போயிற்று என்று இன்டெலே ஒப்புக்கொண்டது. கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தந்த வகையில் 47.5 கோடி டாலர் நஷ்டம். "வாய்பாடு எதுக்கு சார், கால்குலேட்டர் இருக்கே" என்று கேட்டவர்களே, கால்குலேட்டரும் வாய்பாட்டை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்!

சரி, இந்தக் காலத்தில் நாம் என்ன செய்தோம்? இதுதான் குழுவில் நடந்த சண்டையின் மையம்.

ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டுப் போனது. அந்த இடைவெளியில் ஹெச்சிஎல் போன்ற நம் கம்பெனிகள் வளர்ந்தன. 1984-ல் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் கொள்கையைத் தளர்த்தியது. 1980-களின் நடுவில் சென்னையிலிருந்து ஸ்டெர்லிங் கம்பெனியின் 'சிவா பிசி' முப்பதாயிரம் சொச்சம் ரூபாய்க்கு வந்து விலையை உடைத்தது. அந்த முப்பதாயிரமும் எனக்குப் பல வருடச் சம்பளம். நம் பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கியதும் 1984-ல்தான். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் 1963-லிருந்தே இருந்தது. நூல் மில்லில் தொடங்கிய அதே ராம்கோ குழுமம் 1990-களில் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்று மென்பொருள் நிறுவனமும் நடத்தியது. நூல் ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லாதீர்கள்.

ஆனால் இவையெல்லாம் கம்ப்யூட்டரைக் கோப்பதும் அதற்கு நிரல் எழுதுவதும். சில்லையே செய்வது வேறு வேலை. அதற்கும் இந்தியா முயன்றது. சண்டிகர் பக்கத்தில் மொஹாலியில் அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-ல் உற்பத்தி தொடங்கியது. இன்று மற்றக் கம்பெனிகளுக்குச் சில்லு செய்துதரும் தைவானின் டிஎஸ்எம்சி தொடங்கியது 1987-ல்தான். அதாவது மூன்று வருடம் நாம் மூத்தவர்கள்.

நுணுக்கத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர் அளவு ஒன்று இருக்கிறது. நூலில் 'கவுண்ட்' என்கிறோமே, ஒரு பவுண்டு பஞ்சில் 840 கஜ நீளச் சிட்டம் எத்தனை வருகிறது என்ற கணக்கு. 40-ஐ விட 80 மெல்லியது, 80-ஐ விட 100 மெல்லியது. எந்த மில்லால் எந்தக் கவுண்ட் ஓட்ட முடியும் என்பதை வைத்து அதன் மதிப்பைச் சொல்லிவிடுவார்கள். சில்லுக்கும் அப்படி ஒரு கவுண்ட் உண்டு. ஆனால் தலைகீழ். எண் சிறியதாகச் சிறியதாக நுணுக்கம் அதிகம். 4004-ன் அளவு 10 மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமாராக 80 மைக்ரான். மொஹாலி ஆலை 5 மைக்ரானில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே 0.8 மைக்ரான் வரை வந்தது. உலகத்தின் முன்னணியிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை.

1989 பிப்ரவரி 7 அன்று அந்த ஆலை எரிந்தது.

ஏன் எரிந்தது என்று ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். யூகத்தை வரலாறாக எழுதுவது என் வழக்கமில்லை. மீண்டும் எழுந்து உற்பத்தி தொடங்கப் பல ஆண்டுகள் ஆயிற்று. அதே 1989 ஏப்ரலில் இன்டெல் 486-ஐ வெளியிட்டது. இந்தத் தொழிலில் இரண்டு வருடம் நின்றால் ஒரு இரட்டிப்புப் போய்விடும். மில்லில் தீப்பிடித்தால் மிஷின் வாங்கிப் போட்டு அதே கவுண்டை ஓட்டலாம். சில்லு ஆலையில் நாம் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் கவுண்டையே மாற்றிவிட்டிருப்பார்கள். "நம்மால் முடியாது" என்று எழுதிய தம்பி, இதைக் கவனி. முடியாமல் போகவில்லை. செய்துகொண்டிருந்தோம், பறிபோனது, பின்தங்கினோம். மூன்றும் வேறு வேறு.

இந்த மொஹாலி ஆலைக்கு இன்னொரு சுவையான கதையும் உண்டு. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. அவை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகான் கம்பெனியின் பிபிசி மைக்ரோ. பின்னால் அதையே உரிமம் பெற்று 'யூனிகார்ன்' என்ற பெயரில் நம் மொஹாலி நிறுவனமும் செய்தது. உள்ளே இருந்தது இன்டெல் அல்ல, 6502 என்ற 8 பிட் பிராசசர். 1975-ல் அது வந்தபோது விலை 25 டாலர். போட்டிச் சரக்கெல்லாம் நூற்றுக்கணக்கான டாலர் விற்ற காலம். ஆப்பிள் 2-லும் அதுதான்.

பள்ளிக் கம்ப்யூட்டர் செய்த அந்த ஏகானில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்று இரண்டு பேர். அடுத்த மாடலுக்கு நல்ல பிராசசர் தேடி, 6502-ன் அடுத்த தலைமுறையைச் செய்துகொண்டிருந்த அமெரிக்க அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே போய்ப் பார்த்தால் பெரிய கட்டடம் இல்லை, சின்ன வீடு மாதிரி இடம். படிக்கிற வயதுப் பிள்ளைகள் ஆப்பிள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சில்லு வரைந்துகொண்டிருந்தார்கள். "இவர்களால் முடிந்தால் நம்மால் ஏன் முடியாது?" என்று இருவருக்கும் தோன்றியது. ஊர் திரும்பித் தாங்களே தொடங்கினார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று ஆர்ம் பிராசசர் முதல் முயற்சியிலேயே ஓடியது. வெறும் 25,000 டிரான்சிஸ்டர். அதே வருடம் வந்த 386-ல் அதைப்போலப் பதினொரு மடங்கு. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டியதாம். பார்த்தால் மின்சாரக் கம்பியையே இணைக்கவில்லை. மற்றக் கால்களில் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது!

அன்று அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. இன்டெல் வேகத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பென்டியம் 4-ஐ 10 ஜிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோவோம் என்றார்கள். 2004-ல் 3.8-லேயே நின்றது. சூடு தாங்கவில்லை. மிகச்சிறிய மதகுகள், மூடினாலும் கசியத் தொடங்கின. அடுப்பில் பால்கோவா கிண்டுகிறவரைக் கேளுங்கள். தீயைக் கூட்டிக்கொண்டே போனால் சீக்கிரம் ஆகாது, அடிப்பிடிக்கும். அளவு கூட வேண்டுமென்றால் இரண்டாவது அடுப்பு வைக்க வேண்டும். அப்படித்தான் டூயல் கோர், குவாட் கோர் எல்லாம் வந்தன. குறைந்த மின்சாரத்தில் ஓடும் கலை தெரிந்த ஆர்முக்குக் காலம் வந்தது அப்போதுதான். இந்தப் பதிவைப் படிக்கும் உங்கள் கைபேசியில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் வம்சத்துப் பிராசசர். 2020-ல் ஆப்பிள் தன் மடிக்கணினிகளுக்கும் அதே வம்சத்தில் எம்1 செய்தது. 1,600 கோடி டிரான்சிஸ்டர்.

இப்போது "இன்டெல் காலி" தம்பிக்கு வருவோம்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 2014-ல் 'சக்தி' என்ற பிராசசர் திட்டம் வேகம் பிடித்தது. அவர்தான் இப்போது அங்கே இயக்குநர். இன்டெல் வம்சத்துக் கட்டளைத் தொகுதி பூட்டிய அறை. ஏஎம்டி போல உரிமம் உள்ள ஓரிருவர்தான் நுழையலாம். ஆர்ம் கட்டணம் கொடுத்தால் திறக்கும். இந்த இரண்டும் வேண்டாம் என்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதியை எடுத்துக்கொண்டார்கள். அது எல்லாருக்கும் திறந்தது. சக்தி குழுவும் தன் வரைபடத்தை எல்லாரும் பார்க்கும்படி திறந்தே வைத்தது. 2018-ல் முதல் சில்லுகள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலேயே 22 நானோமீட்டரில் செய்தது. இன்னொன்று நம் மொஹாலி ஆலையில் 180 நானோமீட்டரில். ஆம், 1989-ல் எரிந்த அதே நிறுவனம்தான். 2020-ல் 'மௌஷிக்' அங்கேயே வந்தது. 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த 'ஐரிஸ்' அங்கேயே வந்தது. ராக்கெட்டுகளுக்கான 'விக்ரம்' பிராசசர்களும் அங்கேதான்.

பெருமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 180 நானோமீட்டர் என்றால் என்ன? என் உள்ளங்கையில் இருக்கும் இந்த 25 வருடப் பழைய செலரானும் அதே 180 நானோமீட்டர்தான். தைவானில் 2022-லேயே 3 நானோமீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. ராக்கெட்டுக்கும், மின்சார மீட்டருக்கும், ஸ்மார்ட் கார்டுக்கும் இந்தக் கவுண்ட் போதும். விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்க, தடித்த நூல்தான் நல்லது என்றுகூடச் சொல்லலாம். பேண்டேஜ் துணிக்கு 100-ஆம் கவுண்ட் எதற்கு என்று சத்திரப்பட்டிக்காரர்கள் கேட்பார்கள். ஆனால் இதை வைத்து "இன்டெல் காலி" என்பது, வேட்டி நெய்துவிட்டு காஞ்சிப்பட்டு காலி என்பது போல. வரையத் தெரியும் என்று நிரூபித்துவிட்டோம். நுணுக்கமாக வார்க்க இன்னும் தூரம் இருக்கிறது. இதுதான் சரியான விடை. இரண்டு பேரும் பத்து தடவை எழுதி வாருங்கள்.

இனி என் கணக்கு.

2005, 2006 வாக்கில் நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர் வந்தது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். தவறு பள்ளியுடையது அல்ல, என்னுடையது. அந்த அறைக்கு நான் பொறுப்பு. சாவி என்னிடம். வீட்டில் செலரான் வைத்திருந்த ஒரே ஆசிரியர் என்பதால் எனக்கு அந்தப் பெருமை. அந்தப் பெருமையே கெடுத்தது. தூசி விழக்கூடாது, பிள்ளைகள் கண்ட பட்டனை அமுக்கக்கூடாது, ரிப்பேர் ஆனால் யார் பதில் சொல்வது என்று வாரத்துக்கு ஒருமுறை திறந்து, வாசலில் வரிசையாக நிற்கவைத்துக் காட்டினேன். தொட்டுப் பார்க்க விட்டது சொற்பம். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன். கோவில் மாதிரி.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வருவான். "சார், ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டு ஓடிருறேன்" என்பான். "நாளைக்குப் பாக்கலாம்" என்பேன். அவன் வருவது ஒருநாள் நின்றுபோனது. எனக்கு அது அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சில வருடம் கழித்து ஆய்வுக்கு வந்தார்கள். நான்கும் புதிது போல இருந்தன. கீபோர்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. 'அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன' என்று பதிவேட்டில் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். அன்று அந்தக் கையெழுத்தின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. கீபோர்டில் எழுத்து அழியாமல் இருந்தால் அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையும் படிக்கவில்லை என்று அர்த்தம். மூரின் கணக்குப்படி, நான் பூட்டிவைத்த நாட்களிலேயே அந்தப் பிராசசர்கள் பழையதாகிவிட்டன. பூட்டிவைத்தால் புதிதாகவே இருக்கும் பொருள் அல்ல அது. பிள்ளைகளின் வயதும் அப்படித்தான்.

அமெரிக்காவில் ஒரு சின்ன வீட்டில் பிள்ளைகள் சில்லு வரைவதைப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கு நம்பிக்கை வந்தது என்று மேலே எழுதினேனே, அதை எழுதும்போது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியும். நன்றாக உழைக்கிறான், மில் ஷிப்ட் போகிறான், இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்திருந்தால் நீ என்ன ஆகியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. திறக்காதது தப்பு என்று தெரியும். மன்னித்துக்கொள்.

2011-ல் தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, "இதுகளுக்கு எதுக்கு, படம்தான் பாப்பானுக" என்று ஆசிரியர் அறையில் பேசியவர்களில் நானும் ஒருவன். படம் பார்த்தார்கள்தான். அதே மடிக்கணினியில் நிரல் எழுதப் பழகி, இன்று பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருந்துகொண்டு இந்தப் பதிவைப் படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். சாவியைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டால் வாத்தியாரின் பயம் யாரையும் தடுக்க முடியாது.

ஆகவே பழைய இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது ஞாயிறு காலை எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த மஞ்சள் பெட்டி பிரிந்து கிடக்கிறது. தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வருகிறார்கள். கழற்றுகிறார்கள், மாட்டுகிறார்கள். ஒரு காலை வளைத்துவிட்டார்கள், பேரன் ஊசியால் நிமிர்த்தினான். போன வாரம் விசிறி சுற்றியது. திரை இன்னும் வரவில்லை. செருப்பை யாரும் கழற்ற வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டில் தூங்கும் பழைய மடிக்கணினி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் போட்டால் பலதும் எழுந்து உட்காரும். பக்கத்துத் தெருவில் கேட்டுக்கொண்டே நிற்கும் ஒரு பிள்ளை இருக்கும், அதன் கையில் கொடுங்கள். "உடைச்சிருவான்" என்று யாராவது சொன்னால், உடைக்கட்டும் என்று சொல்லுங்கள்.

பிராசசர் வேலையிலேயே இருக்கும் என் மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே தயங்காமல் திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்துகிற மாணவனுக்கு எப்போதும் என்னிடம் முழு மதிப்பெண்தான்.

அன்புடன்,
உங்கள் சார்
ராஜபாளையம்